கட்டிலடி எறும்புகள்

ஞாயிறு, காலை 7.20. நல்லூர் லைன் வீடு. தண்ணீர்க் குடத்தோடு வந்த ஜோதிகா வாசலில் கிடந்த அப்பாவின் செருப்பில் இடறினாள். அதில் படிந்திருந்த பஞ்சு பறந்தது. பக்கத்து நிட்டிங் யூனிட் புண்ணியம்.

கட்டிலடியில் கிடந்த பனியன் வேஸ்ட் துணி மூட்டையை எறும்பு மொய்த்திருந்தது. உதறினாள். வெள்ளைப் பொடி கொட்டியது. நாக்கில் வைத்தாள். இனிப்பு.

அப்பாவின் மருந்து!

புற்று வந்த குடலை வெட்டித் தைத்த பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தது. "இதுல நல்ல கிருமியும் இருக்கு, அதுக்குத் தீனியும் இருக்கு. குடல் தேற உதவலாம், சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எடை ஏறாம கீமோ கிடையாது." எடை இறங்கிக்கொண்டே போனது.

ஜோதிகா பி.காம். முடித்துவிட்டு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பகலில் அப்பாவோடு இருக்கும் தம்பி முனீஸை எழுப்பினாள்.

"ஏலே, பொடியைக் குடுக்கியா?"

"பாக்கெட்டைக் கிழிச்சுத் தண்ணியும் வச்சிட்டுத்தான் படுக்கேன்."

"குடிச்சதைப் பாத்தியா?"

"நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குதவன் எங்க பாக்க? படிச்ச திமிரை எங்கிட்டக் காட்டாத."

அம்மா செல்லத்தாய் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "கஞ்சிச் சட்டியும் தெனம் காலியாத்தான் இருக்கு."

"வெளிக்கு?"

"நாலஞ்சு தரம் போறதாச் சொல்லுதாரு."

ஜோதிகா வாசலைப் பார்த்தாள். மற்ற மூன்று ஜோடிச் செருப்பும் சுத்தம். கக்கூஸ் முற்றத்தின் அந்தக் கோடியில்.

"கொட்டுனது நீங்கதான்ப்பா. கஞ்சியையும். நாலஞ்சு தரம் நடக்கிற செருப்புல பஞ்சு படியுமா?"

அப்பா சுடலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "கஞ்சி ஜன்னல் வழியா நாய்க்குப் போச்சு. எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூசு தாயி. எனக்கு வந்தா நிக்காது. அன்னிக்கி வரிசையிலயே போயிட்டு. பொம்பளப் பிள்ளைய எல்லாம் மூக்கப் பொத்திச்சு. உள்ள போனாத்தான வெளிய வரும்?"

கத்த வாயெடுத்தாள். யாரைக் கத்துவது? எட்டு வாடகை வாங்கி ஒரு கக்கூஸ் கட்டியவன் காதில் எது விழும்?

8.05. அவள் கரைத்த பொடியையும் கஞ்சியையும் அவள் கண்முன்னே குடித்தார்.

8.40. எழுந்தார். செருப்பைத் தட்டி மாட்டிவிட்டாள். முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை வரிசை, பக்கெட்டும் கையுமாக.

"வழி விடுங்க. அப்பாவுக்கு முடியல."

"நாங்க விட்டுருவமுங்க," என்றாள் முன்னால் நின்ற கமலாம்பாள். "உள்ள ஆளிருக்குதுங்களே."

ஜோதிகா கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. சுடலை அவள் கையை இறுக்கினார். வேட்டி நனைந்தது.

இரவு கஞ்சியை நீட்டினாள். அவர் வாய் திறக்கவில்லை. அவளும் கட்டாயப்படுத்தவில்லை.