பாசி எண்ணெய் எங்கே?

செல்போன் அலறியது.

துப்பறியும் அய்யாதுரை பாதி இட்லியோடு எடுத்தான். போன கேஸ் ஒரு காணாமல் போன ஆடு. அவன் தேடக் கிளம்புவதற்குள் அதுவே வீடு திரும்பிவிட்டது.

"சார், நான் அனுப்பிரியா. நாரணாபுரம் பட்டாசு கம்பெனி ஜெயச்சந்திரன் மக. என் எண்ணெயக் காணோம்."

"நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா?"

"பாசி எண்ணெய் சார். தொட்டியில பாசி வளத்து, காயவச்சு, கெமிக்கல்ல ஊறப்போட்டு எடுத்தது. டீசலுக்குப் பதிலா ஊத்தலாம். இன்னைக்கு அது எரியுறத அப்பாவுக்குக் காட்டணும். இல்லன்னா நான் பாசி வளக்குற ஷெட்ட மத்தாப்பு அடுக்க எடுத்துக்கிடுவாரு."

ஷெட்.

பூட்டு உடையவில்லை. மேஜையில் எண்ணெய் பாட்டில் இருந்த இடத்தில் ஒரு பச்சைக் கறை. அய்யாதுரை முகர்ந்தான். மீன் வாடை.

"திருடன் மீன் சாப்பிட்டுட்டு வந்திருக்கான்..."

"எண்ணெய் வாடையே அதுதான் சார்."

வாசலில் ஜெயச்சந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஷெட்டைக் கூட்டும் மாடத்தி.

"சாவி யாருகிட்ட இருக்கு அண்ணாச்சி?"

"எங்கிட்டதான்."

"அப்ப ஒளிச்சது நீங்கதான். ஷெட்டு வேணும்னு..."

"ஏலே, பாசி எரியாதுன்னு சொல்றவன் நான். எரியாதத எதுக்குலே ஒளிக்கப் போறேன்?"

கேஸ் முடிந்தது. அய்யாதுரையும்தான்.

"அப்பா, இன்னும் கொஞ்ச நாள் குடுங்க..." அனுவின் குரல் உடைந்தது.

"பேச்சு பேச்சுதாம்மா. நாளைக்கு மத்தாப்பு லோடு இறங்கும்."

மாடத்தி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"மொதலாளி... அந்தப் பாட்டில நான்தான் எடுத்தேன்."

"நீயா?"

"மிச்ச மருந்து ஷெட்ல தங்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக. நேத்து பூட்டி உங்ககிட்ட சாவியக் குடுக்குறதுக்கு முன்னால பாத்தா, பாட்டில்ல கெமிக்கல் வாடை. வழக்கம்போல குழிக்குக் கொண்டு போயிட்டேன்."

பட்டாசு கம்பெனியில் அன்றன்றைய மிச்ச வெடிமருந்தை வெளியே குழியில் போட்டு எரித்துவிடுவார்கள். அனு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயச்சந்திரனின் புருவம் ஏறியது.

"குழியில மழையில நனைஞ்ச குப்பையில்ல கெடக்கு? ஒரு வாரமா பத்தவே இல்லையே."

"பத்திருச்சு மொதலாளி. இத ஊத்தி, நீளக் கம்புல தீ வச்சேன். அம்புட்டும் நின்னு எரிஞ்சு சாம்பலாப் போச்சு."

அவர் விறுவிறுவென்று குழிக்குப் போனார். திரும்பி வந்தபோது விரலெல்லாம் சாம்பல்.

"தீயப் பத்தி மாடத்தி பொய் சொல்ல மாட்டா. ஷெட்டு உனக்குத்தாம்மா."

அனு அழுதுகொண்டே சிரித்தாள்.

அய்யாதுரை தொண்டையைக் கனைத்தான். "எனக்கு அப்பவே குழி மேல ஒரு சந்தேகம்..."

ஜெயச்சந்திரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாடத்தி, இங்கன இன்னொரு மிச்சம் நிக்குது பாரு. பூட்டுறதுக்குள்ள இதையும் வெளிய கொண்டு போயிரு."