ஜம்பு எடுத்திருந்த புரோகிராம்

இது எண்பத்தாறு ஜனவரியா, எண்பத்தேழா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில சத்தங்களை நானே பிற்பாடு சேர்த்துக்கொண்டிருக்கலாம். காகிதத்தில் பார்த்ததை மட்டும் நம்புகிறேன்.

டெல்லியில் அரசு ஊழியர்களுக்கு வீடு ஒதுக்கும் அலுவலகம் எங்களுடையது. அன்று பதினோரு மணிக்கும் பனி விலகவில்லை. கணினி அறையில் சூடான தூசியின் வாசனை. கம்பளிச் சட்டைகளிலிருந்து பூச்சி உருண்டை நெடி.

ஐந்து மணிக்குள் ஒதுக்கீட்டுப் பட்டியல் போக வேண்டும். ஒன்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு அடுத்த முறை என்னுடையது. வீடு சரோஜினி நகரில். பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த ஜம்புவின் வீடு. ஜூலையில் பஸ் மோதி இறந்துபோனார். ஆறு மாதம் முடிந்ததால் அவர் மனைவி வள்ளி காலி செய்தாக வேண்டும்.

அந்த வீடு மட்டும் பட்டியலில் விழவில்லை. பட்டியல் போடும் கணினி புரோகிராமைத் திருத்தப் போனேன். முடியவில்லை.

திருத்த எடுப்பவர் பெயரில் புரோகிராம் பூட்டிக்கொள்ளும். அவர் திருப்பி வைக்கும்வரை வேறு யாரும் தொட முடியாது. வைக்கும்போது காரணம் ஒரு வரி எழுத வேண்டும்; ஒவ்வொரு முறையும் அது புதிய பதிப்பாக எண்ணோடு பதிவாகும். அதுதான் அங்கே முறை.

எடுத்தவர்: ஜம்பு.

எடுத்த தேதி: நேற்று.

“எவனோ விளையாடறான்,” என்றார் மேலதிகாரி பூவராகவன். “அவர் பேர்லயே உள்ள போ, ருக்மிணி. பூட்டை உடைக்க மேல எழுதினா மார்ச் ஆயிடும்.”

“பாஸ்வேர்ட் அவர் பொண்ணு பேரு சார்.”

“அதனால? பயமா இருந்தா புசா ரோடு ஒண்டுக்குடித்தனத்துலயே இரு. ஜல்தி.”

பவுனு என்று அடித்தேன்.

திறந்தது.

திருத்தித் திருப்பி வைத்தேன். காரணம் எழுதினேன்: ‘ஆள் இல்லை, வீடு காலி.’ அவர் பெயரில்தான் பதிவானது. கையில் எந்த உணர்ச்சியும் இல்லை. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிண்டர் இரைந்தபடி பட்டியலைத் தள்ளியது. என் பெயர் வந்தது.

நின்றது.

பிறகு தானாகவே மறுபடி ஓடியது.

பதிப்பு பதினான்கு. ஜம்பு. ஆள் இல்லை, வீடு காலி.

பதிப்பு பதினைந்து. ஜம்பு. இருக்கேன்.

அறையில் ஒரே டெர்மினல்தான். அது என் முன்னால் இருந்தது. என் கைகள் மடியில் இருந்தன.

“சார்,” என்றேன்.

அவர் வந்து படித்தார். அந்தத் தாளை மட்டும் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“லிஸ்ட் சரியா இருக்கில்ல? போதும்.”

நாலே முக்காலுக்குப் பட்டியல் போனது.

வள்ளி மகளை அழைத்துக்கொண்டு தர்மபுரிக்குப் போனாள். பூவராகவன் சார் ஓய்வு பெற்று மறு வருடம் காலமானார். கணினியை ஏலத்தில் எடுத்துப் போனார்கள். நானும் என் கணவர் வெங்கடராமனும் அந்த வீட்டில் பதினொரு வருடம் இருந்தோம். கூடத்தில் ஜன்னலோரம் ஓர் ஆள் படுக்கும் இடத்தை விட்டுத்தான் படுத்தோம். ஏன் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.