ஏரிக்கரை ஸ்டேஷனில் ஏறியவன்

ரயிலின் கூபே அறையில் இருந்தது ஸோயாவும் அவளுடைய சின்ன மகள் வார்யாவும்தான். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் தரிமா கொண்டுவந்து வைத்ததோ மூன்று கிளாஸ் டீ.

"மூணாவது யாருக்கு?"

"உங்க வீட்டுக்காரருக்குத்தான். ஏரிக்கரை ஸ்டேஷன்ல நீங்க மீன் வாங்கிட்டு இருந்தப்ப ஏறினாரே! தண்ணி சொட்டச் சொட்ட நடந்து கம்பளத்தையே நாசம் பண்ணிட்டார். கொஞ்சம் சொல்லி வைங்க அக்கா." முணுமுணுத்துக்கொண்டே தரிமா போய்விட்டாள்.

ஸோயாவின் புருஷன் அர்கீப் போன குளிர்காலத்திலேயே செத்தவன். உறைந்த பைக்கால் ஏரிமேல் வேன் ஓட்டிப்போய், பனிக்கட்டி உடைந்து உள்ளே போனான். உடம்பு கிடைக்கவில்லை. ஒற்றைக் கம்பளி பூட்ஸ் மட்டும் மிதந்து வந்தது. ஊரே அழுதது, அவள் அழவில்லை. பெல்ட்டால் வாங்கிய தழும்பு முதுகில் இருக்கும்போது என்ன அழுகை வேண்டிக் கிடக்கிறது? "நீ போறதுன்னா போ. வார்யா என்கூடத்தான் இருப்பா." குடித்துவிட்டு வந்தால் அவன் பாடும் பாட்டு அது ஒன்றுதான்.

வீடு மாறும்போது, அடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் வீட்டுக் காவல் கிழவனைப் பழைய செருப்பில் ஏற்றிக் கூட்டிப்போவது வழக்கம். இல்லாவிட்டால் புது வீடு விளங்காது. இன்று காலை வீட்டைக் காலி செய்த அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அந்த ஒற்றை பூட்ஸ். அடுப்போரம் வைத்து, "வா, எங்ககூடவே வந்துடு" என்று வாயாரக் கூப்பிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கரையேறாமல் கிடப்பவனின் பூட்ஸை வைத்துக்கொண்டு கூப்பிட்டால் யார் வருவான்? ஐயோ, புத்தி எங்கே போச்சு!

ஜன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளை வெளேரென்று முடிவில்லாமல் கூடவே வந்துகொண்டிருக்க, புகைபோட்ட மீன் வாசத்துக்கும் பெட்டியைச் சூடாக்கும் கரியடுப்பின் வெக்கைக்கும் நடுவே ஈரக் கம்பளி நாற்றமும் மட்டச் சாராய நெடியும் மெல்ல எழுந்து, எதிர் இருக்கையின் விரிப்பு யாரோ உட்கார்ந்த மாதிரி குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. மூன்றாவது கிளாஸில் டீ குறைந்துகொண்டே வந்தது.

"அம்மா, அப்பா என்னைப் பாத்துச் சிரிக்கிறார்."

"அங்க பாக்காத. இங்க வா."

ஸோயா மகள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஏய் அர்கீப்! தெரியாமக் கூப்பிட்டுட்டேன். அதைச் சாக்கா வெச்சு ஒட்டிக்கலாம்னு பாக்குறியா? நீ உசிரோட இருந்தப்ப பயந்ததே போதும். என் பொண்ணு மேல கை வெச்சே, தொலைச்சுடுவேன். மரியாதையா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு!"

வண்டி மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தது.

இருட்டு. சளக். சளக். பக்கத்தில். இன்னும் பக்கத்தில். வார்யாவின் கை நழுவியது. துழாவினாள். ஒரு சின்னக் கை கிடைத்தது. இறுக்கிப் பிடித்தாள்.

வெளிச்சம் வந்தபோது மகள் ஒட்டிக்கொண்டு நின்றாள். எதிர் இருக்கை காலி.

அடுத்த ஸ்டேஷனான இர்குத்ஸ்க் வந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, பூட்ஸை வெளியே விட்டெறிந்தாள்.

"என்ன அக்கா, குப்பையை இங்கயா போடுறது?" என்றாள் தரிமா.

"குப்பைதான். இனிமே வராது."

வண்டி கிளம்பியது. கூபேயில் வந்து உட்கார்ந்தபோது ஸோயாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "ஜெயிச்சுட்டோம்டி கண்ணு!" என்று மகளைக் கட்டிக்கொண்டாள். மகளின் உடம்பு சில்லென்று இருந்தது.

வெளியே யாரோ கத்தினார்கள். ஸோயா கண்ணாடியின் பனியைத் துடைத்துப் பார்த்தாள்.

பிளாட்ஃபாரத்தில் ஒரு சிறுமி. கோட் இல்லை.

"அம்மா! அம்மா!"

வார்யா.

அவள் பின்கழுத்தைப் பிடித்திருந்தது, ஒரு பெரிய ஈரக் கை.

ஸோயாவின் மடி நனைந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. கழுத்தில் தொங்குவதோடு நடைவழிக்கு ஓடினாள். அவசரப் பிடியை இழுத்தாள். சக்கரங்கள் கிறீச்சிட்டன.

"விடுடா அவளை! வர்றேன்டி கண்ணு! அம்மா வர்றேன்!"

கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் இறுகின. ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டே கதவை நோக்கி நடந்தாள். பிரித்த விரல்கள் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டன.