இருபதாவது பிரசவம்

சோளக்காடு என்ற மலையூரில் பஸ்ஸை விட்டிறங்கிய தேன்மொழி, மூடுபனிக்குள் நடந்து சுகாதார நிலையத்தை அடைந்தபோது பிற்பகல் மணி மூன்று. அங்கே நர்ஸாக இருந்த அம்சவேணி சிஸ்டர் பக்கத்து ஊருக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார். பழைய பிரசவ அறையில் ஈரச் சுவரின் வாடை.

நர்சிங் கடைசி வருடம். பயிற்சி நோட்டில் சிஸ்டர் கையெழுத்தோடு அவள் பார்த்த இருபது பிரசவம் வேண்டும், பத்தொன்பதுதான் இருந்தது. அது நிறையாமல் சான்றிதழ் கிடையாது. வேலைக்கு விண்ணப்பிக்க நாளையே கடைசி. மிளகு பறிக்க மரமேறி விழுந்த அப்பா இடுப்பொடிந்து கிடக்கிறார். வீட்டில் இனி சம்பாதிக்க அவள் ஒருத்திதான்.

ஒரு கேஸ். ஒரே ஒரு கேஸ் வந்தால் போதும்.

வாசலில் முனகல் கேட்டது.

நிறைமாதக்காரி ஒருத்தி சுவரைப் பிடித்தபடி நின்றாள். சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெளியே மழையே இல்லை.

"ஏனுங்கக்கா, கூட யாரும் வரலீங்களா?"

"வர ஆரிருக்கா சாமி? புள்ளையப் புடிச்சுக்க."

படுக்க வைத்ததும் தேன்மொழி முதலில் நோட்டைத்தான் எடுத்தாள். பெயர் கேட்டு எழுதினாள். அத்தாயி. அப்புறம்தான் மணிக்கட்டைத் தொட்டாள்.

சில்லிட்டிருந்தது. நாடி இல்லை.

வயிற்றில் துடிப்பு கேட்கும் கருவியை வைத்தாள். உள்ளே குழந்தையின் இதயம் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிவிடத்தான் நினைத்தாள். அதற்குள் தலை தெரிந்தது. கைகள் தாமாகவே வேலை பார்த்தன. குழந்தை வழுக்கிக்கொண்டு வந்தது.

அழவில்லை.

துணியில் சுற்றி நிமிர்ந்தாள். கட்டில் காலி. விரிப்பில் ஒரு பொட்டு ஈரமில்லை. கையிலிருந்த துணிக்குள்ளும் ஒன்றுமில்லை.

அம்சவேணி வந்தபோது தேன்மொழி மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள். சொன்னதையெல்லாம் கேட்டவர், நோட்டில் இருந்த பெயரைக் கண்டதும் வெளிறிப்போனார்.

"ஆறு வருசமாச்சு கண்ணு. பனியில ஆம்புலன்ஸ் ஏற முடியலை. மழையில நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்தா. இந்தக் கட்டில்லயே போயிட்டா. புள்ளை வயித்துக்குள்ளயே..." நோட்டை அவளிடம் நீட்டினார். "அடிச்சுடு. அந்தப் பேரை அடிச்சுடு."

தேன்மொழி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடுங்க சிஸ்டர். நாளைக்குக் கடைசி நாளுங்க. நெசமாவே நான்தான் பிரசவம் பார்த்தேன்."

அவள் முகத்தைப் பார்க்காமலே அம்சவேணி கையெழுத்திட்டார்.

மாலை பஸ்ஸில் கூட்டமில்லை. கண்ணாடிகளில் பனி அப்பியிருந்தது. ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தவளிடம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், அவள் மடியைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"குளுரு அடிக்குதுங்க. புள்ளை தலையை மூடிக்கங்க."