பட்டியலில் இரண்டாவது சொல்

"நாற்பத்தொரு இடத்துல மாத்தியிருக்காங்கம்மா. ஒரு இடத்தையும் விட்டுவைக்கல."

வெளியுறவுத் துறையின் மொழிபெயர்ப்பாளர், அச்சாகி வந்த புத்தகத்தை மேசைமேல் வைத்தார். காவல் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணி அதைப் புரட்டினார். அவருக்கு வழக்கு வந்தால் ஓடோடிப்போய் லீவு போடும் கொழுந்தன், நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

அண்டை நாட்டுடன் மீன்பிடி எல்லை பற்றிய ஏற்பாடு. நாளை கையெழுத்து. மொழிபெயர்ப்பாளர் 'உடன்படிக்கை' என்று எழுதியிருந்தார். புத்தகத்தில் 'ஒப்பந்தம்' என்று இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான் கொழுந்தன்.

"பேச்சுக்கு ஒண்ணு. நம்ம சட்டத்துல வேற. உடன்படிக்கைன்னா நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு ஏத்துக்கணும். ஒப்பந்தம்னா அமைச்சர் கையெழுத்தே போதும். நேத்து ஒரு எம்.பி. கண்டுபிடிச்சுக் கேட்டதும் பழி என் தலையில விழுந்திருச்சு. என் கணினியில சரியாத்தான் இருக்கு. அதை இப்போ திருத்தினதுன்னு சொல்றாங்க. நாலு மணிக்கு விசாரணை. வேலை போயிடும்மா."

அவர் எழுதியது துறையின் சட்ட ஆலோசகர் கைக்குப் போய், அங்கிருந்து அச்சகம் போயிருக்கிறது. மூவரும் முதலில் அச்சகத்துக்குப் போனார்கள்.

"அண்ணி, அந்த ஆள் கையைப் பாருங்க, ஒரே மை!" என்று கிசுகிசுத்தான் கொழுந்தன்.

"அச்சகத்துக்காரர் கையில மை இல்லாம தேனா வழியும்? சும்மா இரு."

அச்சக மேலாளர் தனக்கு வந்த தாள்களை எடுத்துக் காட்டினார். அதிலேயே 'ஒப்பந்தம்' என்றுதான் இருந்தது. மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து கடைசித் தாளில் மட்டும்; அந்தத் தாளில் அந்தச் சொல்லே வரவில்லை. அண்ணியின் கண் முதல் தாளில் இருந்த சொல் பட்டியலிலேயே வெகுநேரம் நின்றது.

சட்ட ஆலோசகரின் அறையில் கோப்புகள் கோடு பிடித்தாற்போல் அடுக்கியிருந்தன. "எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன். அவங்க எழுதினதே ஒப்பந்தம்தான்" என்றார் அவர்.

அண்ணி புத்தகத்தைத் திறந்தார். "இது சொல் விளக்கப் பட்டியல். கொஞ்சம் வாசிங்க."

"இழுவலை, ஒப்பந்தம், எல்லைக்கோடு, கரைக்காவல், படகு."

"அகர வரிசைதானே? எ-வுக்கு முன்னாடி ஒ எப்படி வந்துச்சு?"

கொழுந்தன் விரல்விட்டு எண்ணினான்: இ, உ, எ...

"இவங்க பட்டியல் போட்டப்போ அந்த இடத்துல உ-வில தொடங்குற சொல் இருந்திருக்கு. உடன்படிக்கை. மாத்தினவர் சொல்லை மட்டும் மாத்தினார். அதுக்குரிய இடத்துக்கு நகர்த்த மறந்துட்டார். அச்சகத்துக்கு வந்த தாளிலும் இதே தப்பு. அப்போ இவங்களுக்குப் பிறகு, அச்சகத்துக்கு முன்னால. நடுவுல இருந்த கை உங்களுடையது மட்டும்தான் சார்."

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுபத்திரண்டு மீனவர்கள் அங்கே சிறையில இருக்காங்க. அதுல ஒருத்தர் என் தங்கச்சி வீட்டுக்காரர். இது நடைமுறைக்கு வந்தாத்தான் விடுவாங்க. நாடாளுமன்றத்துக்குப் போனா ஆறு மாசம் இழுக்கும். தங்கச்சி தினமும் போன் பண்ணி அழுறா. அதான்..." மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார். "உங்க மேல பழி வரும்னு நினைக்கலம்மா. வந்த பிறகும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அது தப்புதான்."

மொழிபெயர்ப்பாளருக்குக் கோபத்தில் முகம் சிவந்திருந்தது. "உங்க தங்கச்சிக்காக என் சோத்துல கை வச்சீங்களே! தலைமுறைக்கும் நிக்கப்போற கடல் எல்லையை ஓட்டே இல்லாம முடிக்கலாமா?"

"நாலு மணிக்கு நானே வந்து ஒப்புக்கிறேன்."

யாரும் எழவில்லை. மொழிபெயர்ப்பாளர் புத்தகத்தை இழுத்து விடுதலை பற்றிய பிரிவைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். கோபம் போகவில்லை, ஆனால் அவர் கை பேனாவைத் தேடியது.

"சார், எல்லை உடன்படிக்கையாவே இருக்கட்டும், ஓட்டுக்குப் போகட்டும். விடுதலை ஒரே பத்திதானே? அதை மட்டும் பிரிச்சு, தனி ஒப்பந்தமா எழுதினா? அதுக்கு அமைச்சர் கையெழுத்தே போதுமே?"

ஆலோசகர் நிமிர்ந்தார். "அவங்க தரப்பும் சம்மதிச்சா... நாளைக்கே முடியும்."

"அப்போ ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். "எழுபத்திரண்டு பேர் பெயரையும் சரியா சொல்லுங்க."