காலி ஃபோல்டரில் ஒரு தூசு

முதலாளி மேஜைமேல் தலை வைத்துப் படுத்திருந்தார்.

தூக்கமில்லை.

பக்கத்தில் கிடந்த கண்ணாடிக் கேடயத்தில் ரத்தம். 'சிறந்த கூட்டுப் பணிக்கான விருது' என்று அதில் பொறித்திருந்தது.

காலை பதினொன்றேகாலுக்குக் கணக்கர் அலறிய அலறலில், அந்தக் கட்டட வரைபட அலுவலகமே எழுந்து நின்றது. உயிரோடு இருந்தவரை முதலாளிக்குக் கிடைக்காத மரியாதை.

பன்னிரண்டு மணிக்குள் இன்ஸ்பெக்டர் கேஸை முடித்துவிட்டார்.

"நீங்கதாம்மா கொலை பண்ணியிருக்கீங்க."

சர்வரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அலுவலகத்தின் ஒரே சர்வரைக் கட்டிக்காப்பவள். சொந்தப் பெயரை எல்லாரும் மறந்து ஆறு வருஷமாகிறது.

"எதை வெச்சு சொல்றீங்க?"

"சர்வர்ல அவரோட தனி ஃபோல்டரைத் துடைச்சு எடுத்திருக்காங்க. அதோட பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு பேருக்கு. பத்து மணிக்குத்தான் அந்த ஃபோல்டரையே உண்டாக்கினேன். பாஸ்வேர்டை மஞ்சச் சீட்டுல எழுதிக் குடுத்தேன். சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு."

"பை காலி. ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டாரு. மிச்சம்?"

"சீட்டை எடுத்தவன்."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுக்கப் போன கையை நிறுத்தினார்.

"யார் திறந்தாங்கன்னு சர்வர் எழுதி வைக்காதா?"

"வெச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. டிஸ்க் நிறைஞ்சு போச்சு, புதுசு வாங்குங்கன்னேன். 'எழுதறதை நிறுத்து'ன்னாரு முதலாளி. சிக்கனம் சார்."

"எந்த மிஷின்லேர்ந்து அழிச்சிருப்பான்?"

"முதலாளி மிஷின்லேர்ந்தேதான். அடிச்சான், பையிலேர்ந்து சீட்டை உருவினான், அங்கேயே நின்னு அழிச்சான். எனக்குக் கால் மணி நேரம் குடுங்க. நீங்க பக்கத்துலயே உக்காருங்க. என் கை கீபோர்டுல பட்டா அப்புறம் விலங்கை மாட்டுங்க."

முதலாளியையும் அவளையும் விட்டால் அந்த அலுவலகத்தில் மூன்று பேர், மூன்று விதமான மிஷின். கணக்கருக்கு விண்டோஸ். இன்ஜினியருக்கு லினக்ஸ். அழகுக்கு வரைகிற டிசைனருக்கு மேக். டிசைனர் முதலாளி மனைவியின் தம்பி, ஊருக்கே மச்சான். ஒருத்தர் போட்ட ஃபைல் இன்னொருத்தருக்குத் திறக்காது. மூவரும் மிஷினைத் திட்டமாட்டார்கள், சர்வரம்மாவைத் திட்டுவார்கள்.

அவள் மூவரையும் கூப்பிட்டாள்.

"பயப்படாதீங்க. அழிச்சதெல்லாம் அதே ஃபோல்டருக்குள்ள குப்பைப் பெட்டில ஒரு காப்பி விழுந்திருக்கும். பன்னண்டரைக்கு இன்ஸ்பெக்டர் சாருக்கு எடுத்துக் காட்டப்போறேன்."

கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போன மாசம் என் ஃபைல் அழிஞ்சப்போ மட்டும் போனது போனதுதான்னீங்க?"

"நீங்க கொலையாகலையே சார்."

இன்ஜினியர் நெற்றியைச் சுருக்கினான். "குப்பைப் பெட்டியா? நம்ம சர்வர்ல அதை நீங்க வைக்கவே..."

சர்வரம்மா முறைத்த முறைப்பில் மீதி வாக்கியத்தை விழுங்கினான்.

"எங்க அத்தானுக்கா இந்தக் கதி..." மச்சான் மூக்கை உறிஞ்சினான். "அக்காவுக்கு போன் பண்ணணும். நான் என் சீட்டுக்குப் போகட்டுமா சார்?"

"மூணு பேரும் போங்க" என்றாள் சர்வரம்மா, இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக.

சர்வர் அறை. குளிர். திரையில் முன்பே திறந்து வைத்திருந்த முதலாளியின் காலி ஃபோல்டர். அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"என்னம்மா பாக்கறோம்?"

"ஒண்ணுமில்லாததை."

"இருபது வருஷ சர்வீஸ்ல நான் இப்படி..."

"இமைக்காம பாருங்க சார்."

பன்னிரண்டு ஆறு... ஏழு... எட்டு...

பன்னிரண்டு ஒன்பது. காலி ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல் முளைத்தது. பெயர் ஒரு புள்ளியில் தொடங்கியது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "இதான் அந்தக் காப்பியா?"

"காப்பி ஏது? சும்மா சொன்னேன்."

"அப்போ இது?"

"மேக் மிஷின்ல எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் உள்ள இப்படி ஒரு தூசைப் போட்டுட்டுப் போகும். எந்த ஐகான் எங்க நிக்கணும்னு குறிச்சு வெச்சுக்குமாம்."

"இங்க எத்தனை மேக்?"

"ஒண்ணு."

இன்ஸ்பெக்டர் அறையை விட்டு ஓடினார், பின்னாலேயே சர்வரம்மாவும். தொப்பி மேஜைமேலேயே கிடந்தது.

மச்சானின் மேஜையில் போன் எடுக்கப்படாமலே இருந்தது. மவுஸுக்கு அடியில் ஒரு மஞ்சள் முனை எட்டிப் பார்த்தது.

"அக்காகிட்ட பேசியாச்சா தம்பி?"

மச்சான் மவுஸைக் கையால் மூடினான். "நான் எதையும் தொடலை சார். வேணும்னா பாருங்க, உள்ள ஒண்ணுமே இல்லை. குப்பைப் பெட்டியும் இல்லை. இந்தம்மா பொய் சொல்றாங்க."

திரையை அவனே திருப்பிக் காட்டினான். முதலாளியின் தனி ஃபோல்டர், துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று திறந்து கிடந்தது.

இன்ஸ்பெக்டர் மவுஸைத் தூக்கி மஞ்சள் சீட்டை எடுத்தார். "உள்ள ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுக்க, எப்படித் திறந்தே?"

மச்சானின் வாய் திறந்தது. எல்லாம் ஒன்றாக வந்தது.

"எதிர்க் கம்பெனிக்கு வரைபடம் குடுத்தேன்னு என்னை வேலையை விட்டுத் தூக்க லெட்டர் அடிச்சு அந்த ஃபோல்டர்ல வெச்சிருந்தார். மச்சான் மச்சான்னு வாய் நிறையக் கூப்பிட்டுக்கிட்டே அடிச்சிருந்தார் சார். கேடயம் கைக்கு எட்டுச்சு..."

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது. "நீங்க திறந்ததும் அந்த ஃபோல்டர்ல ஒரு ஃபைல் விழுந்துச்சு, அதுலதான் மாட்டினீங்க" என்றாள் சர்வரம்மா.

"ஆனா இந்தம்மா சொல்ற ஃபைல் எங்கே?" அவன் திரையையே வெறித்தான். "என் மிஷின்ல இல்லவே இல்லையே?"

"உங்க மிஷின் போடற தூசை உங்க மிஷினே உங்களுக்குக் காட்டாது மச்சான். கணக்கருக்குத்தான் கண்ணை உறுத்தும். அவர் தினம் என்னைத் திட்டுவார். நானும் தினம் ஒன்பது மணிக்குச் சர்வர் முழுக்க உங்க பின்னாடி பெருக்கிக்கிட்டு வர்றேன்."

வாசல்வரை போன இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"அம்மா... அந்த ஃபைல் சாட்சி. தப்பித் தவறி அழிச்சுடாதீங்க."

சர்வரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்து மேஜைக் கணக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா சார்? இதைப் பத்தி இனிமே புகார் சொல்றதுன்னா, கோர்ட்டுல போய்ச் சொல்லுங்க."