உறையாத மண்

நவம்பர் மாதத்தின் முதல் பெரும் பனி இரவெல்லாம் கொட்டி ஓய்ந்த காலையில், காப்பிக் குவளையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் வந்து நின்ற தியா, வீட்டுக்குப் பின்னால் சரிந்து இறங்கும் வெட்டவெளியில் ஓரிடத்தில் மட்டும் பனி விழாமல் இருப்பதைப் பார்த்தாள். ஒரு கட்டில் போடும் அளவு இடம். விறகுக் குவியலும் கோழிக்கூண்டும் டிரக்கும் அதற்கப்பால் நின்ற ஊசியிலை மரங்களும் வெண்மையில் புதைந்து உருவழிந்து கிடக்க, அந்தத் துண்டு நிலம் மட்டும் கறுப்பாக, ஈரம் மினுங்க, நடுவில் பச்சைப் புல்லோடு இருந்தது. அதிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பியது. கிளம்பி, சற்று நின்று, அடங்கியது. மறுபடி கிளம்பியது.

அவள் குவளையைக் கீழே வைத்தாள். தூங்குகிறவரின் மூச்சைப் பார்ப்பதுபோல இருந்தது.

ராய்ஸ் பின்னால் வந்து அவள் தோள்மேல் தாடையை வைத்து எட்டிப் பார்த்தான்.

"அடடா, வென்னீர் ஊத்து ஏதாவது இருக்கும் தியா. நம்ம நிலத்துல! உனக்கு எங்கேயோ மச்சம்."

"விளம்பரத்துல ஊத்துன்னு எதுவும் போடலையே."

"'உறையாத மண்'ணு போட்டிருந்தான்ல. அதைப் பாத்துத்தானே நீ துள்ளிக் குதிச்ச?"

அது உண்மை. ஒஹாயோவில் சரக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில், இரண்டு பனிக்காலம் முழுக்க, வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் வரைபடங்களை விரித்துப் போட்டு நிலம் தேடியவள் அவள்தான். எங்கே மழை எவ்வளவு, உறைபனி இல்லாத நாட்கள் எத்தனை, கிணறு எத்தனை அடி, தெற்கு பார்த்த சரிவா, பனிக்காலத்தில் பாதை திறந்திருக்குமா என்று ஒரு நோட்டு நிறைய எழுதினாள். ராய்ஸுக்குத் தார்ச்சாலை ஓரமாக இருந்த ஒரு சின்ன நிலம் பிடித்திருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், மின்சாரம் இருந்தது. அவள்தான் பிடிவாதம் பிடித்து, மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் இந்த நாற்பது ஏக்கரைக் காட்டினாள். சுற்றுவட்டாரத்து விலையில் பாதி. மரவீடு தயாராக நின்றது. ஐந்தடி ஆழம் வரை பூமி இரும்பாக இறுகிவிடும் நாட்டில், 'இந்த மண் உறைவதில்லை' என்று ஒருவன் எழுதியிருந்தால், கிழங்கு நட நினைக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? ஏன் இத்தனை மலிவு என்று ராய்ஸ் ஒரே ஒரு முறை கேட்டான். தூரம், அதனால்தான் என்று அவள் சொன்னாள். ஜூன் மாதம் வந்து பார்த்தபோது புல் இடுப்புயரம் நின்று காற்றில் சாய்ந்து கொடுத்தது.

அந்த வாரம் இன்னும் இரண்டு முறை பனி பெய்தது. கறுப்பு நிலம் பெரிதாகவில்லை. ஆனால் முதல் நாள் அது கோழிக்கூண்டுக்கு அப்பால் இருந்தது என்று தியாவுக்கு நல்ல நினைவு. இப்போது கூண்டுக்கு இப்பால் இருந்தது. அது கடந்துவந்த இடத்தில் பனி பழையபடி மூடியிருந்தது. கூண்டு காலியாக இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது, கோழிகள் போன தடம் மட்டும் எங்கும் இல்லை.

"நரி" என்றான் ராய்ஸ்.

"நரி வந்தா பனியில கால் பதியாதா?"

அன்றைக்கு ராய்ஸ் அவர்களுடைய ஒரே ஆட்டைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு போய் அந்தப் புல்லில் மேயவிட்டான். இந்தப் பனியில் பச்சைப் புல் மேயும் ஆடு இந்த மாநிலத்திலேயே நம்முடையதுதான் என்று சிரித்தான். ஆடு மேயவில்லை. கண்களைப் பாதி மூடிக்கொண்டு, வெயில் காய்கிறதுபோல அசையாமல் நின்றது. சாயங்காலம், அதாவது மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, தியா அதை ஓட்டிவரப் போனாள். கிட்டே போகப் போக மூக்கில் ஒரு வாசனை ஏறியது. பால் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தையின் வாயில் வருமே, அந்த வாசனை. இனிப்பும் புளிப்புமாக.

ஆடு அங்கே இல்லை. கயிறு மட்டும் இருந்தது. ஒரு முனை, அவர்கள் அறைந்திருந்த முளையில். மறு முனை புல்லுக்கு நடுவே செங்குத்தாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

அவள் பனியின் விளிம்பில் நின்றபடி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கனத்தது. இன்னும் பலமாக இழுத்தாள். கிணற்றில் வாளி நிறையும்போது கயிறு எப்படிக் கையில் ஆடுமோ அப்படி ஆடியது. பிறகு, கீழே இருந்து, மெதுவாக, ரொம்ப மரியாதையாக, கயிறு அவளை ஓர் அடி இழுத்தது.

அவள் ஓடி வந்து கதவைச் சாத்தித் தாழிட்டாள். ராய்ஸ் மேசையருகே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான்.

"பூமி இளகின இடத்துல ஆடு புதைஞ்சிருக்கும். சேத்துக்குழி" என்றான். அவன் குரலில் பதற்றமே இல்லை. கதவு கிறீச்சிட்டாலும் எண்ணெய்க் கிண்ணத்தோடு எழுந்துவிடுகிற ஆள் அவன்.

"உன் பூட்ஸ் எங்கே?"

"தரை கதகதன்னு இருக்கு தியா. நீயும் கழட்டிப் பாரு."

பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்மாண்ட் அடுத்த புதன்கிழமை மத்தியானம் பனிவண்டியில் வந்தார். மூன்று மைலுக்கு அப்பால், உருளைக்கிழங்கு போடும் குடும்பம். பாதை மூடிக்கொண்ட பிறகு அக்கம்பக்கத்தாருக்குத் தபாலும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுப்பது அவர் வழக்கம். அன்று பொட்டலத்தை நீட்டியவர், தியா போட்டுவைத்த காப்பியைக் குடிக்க இறங்கவில்லை. வீட்டின் மூலையைத் தாண்டிப் பின்பக்கம் தெரிந்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இப்போது பின்வாசலிலிருந்து பத்தடியில் இருந்தது.

"இது எப்ப வந்துச்சும்மா?"

"முதல் பனிக்கே இருந்துச்சு. அங்க, மரத்துக்கிட்ட."

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். வண்டியை அணைக்கவே இல்லை.

"ஏறுங்க. அவரையும் கூப்பிடுங்க. துணிமணி எதுவும் வேணாம்."

"என்ன அது?"

"எனக்குத் தெரியாதும்மா. எங்கப்பாவுக்கும் தெரியாது. உங்களுக்கு முன்னாடி சின்னப் புள்ளையோட ஒரு குடும்பம் இருந்தாங்க. அதுக்கும் முன்னாடி ரெண்டு அண்ணன் தம்பி. ஏப்ரல்ல பாதை திறந்து வந்து பாத்தா ஆள் இல்ல. வீடு சுத்தமா இருக்கும். மேசையில தட்டு இருக்கும். எங்கேயோ கிளம்பிப் போயிட்டாங்கன்னு போலீஸ்ல எழுதி மூடிட்டாங்க."

"இதை ஏன் யாருமே எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? நீங்க வந்தது ஜூன் மாசம். ஜூன்ல எல்லா மண்ணும் ஒண்ணுதான்."

தியா உள்ளே ஓடினாள். ராய்ஸ் தரையில் ஒருக்களித்துப் படுத்து, பலகையில் காதை வைத்திருந்தான். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். கோபப்படவில்லை.

"நீ போயிட்டு வா. நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றான்.

"ராய்ஸ், எந்திரி. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"எவ்வளவு வருஷம் குளிர்ல கிடந்தோம். நீதானே இந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்ச. நல்ல இடம் தியா."

அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். சட்டையை மாட்டிவிட்டாள், பூட்ஸை மாட்டிவிட்டாள். அவன் ஒரு சின்னப் பிள்ளைபோல வாசல் வரை வந்தான். வெளிக்குளிர் முகத்தில் பட்டதும் அவனுக்குப் பற்கள் கிட்டித்தன. உதடு நீலம் பாரித்தது. முழங்கால் மடிந்து விழுந்தான். ஆர்மாண்டும் அவளுமாகத் தூக்கப் பார்த்தார்கள். வண்டியை எட்டுவதற்குள் அவன் மூச்சுத் திணறி, கண் செருகி, அவர்கள் கையிலேயே செத்துப்போகிறவன் மாதிரி வெட்டி வெட்டி இழுத்தான். திரும்ப உள்ளே கொண்டுவந்து தரையில் கிடத்தியதும் முகத்தில் இரத்தம் ஓடியது. புன்னகைத்தான்.

"வெள்ளிக்கிழமை என் பையனோட வர்றேன். பெரிய சறுக்குவண்டி கொண்டுவர்றேன். கம்பளியில சுத்திக் கட்டித் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார் ஆர்மாண்ட். வாசலில் தயங்கி நின்றார். "நீங்களாவது இப்ப வாங்கம்மா."

அவள் தலையசைத்து மறுத்தாள். இந்த இடத்தை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியது அவள். அந்த விரலை அவளால் எங்கே கொண்டுபோய் ஒளிக்க முடியும்?

வியாழக்கிழமை காற்று வடக்கே திரும்பியது. பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு என்று வானமும் பூமியும் ஒன்றாகி, ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர் ஒன்று மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. யாரும் வர முடியாது. யாரும் போக முடியாது. தொலைபேசி எப்போதும்போல ஊமையாகக் கிடந்தது. அவள் இரும்பு அடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டே இருந்தாள், வெப்பத்துக்காக அல்ல, வெடிக்கும் விறகின் சத்தத்துக்காக. அடுப்பை விட்டால் வீட்டில் கேட்டது இன்னொரு சத்தம் மட்டும்தான். தரைப்பலகைகளுக்கு அடியில். நீண்டு, நின்று, அடங்கும் சத்தம். அந்தப் பால் வாசனை போர்வையில் ஏறியிருந்தது, ரொட்டியில் ஏறியிருந்தது, அவள் தலைமுடியில் ஏறியிருந்தது. சனிக்கிழமை அடுப்பு அணைந்தது. வீடு குளிரவில்லை.

அவள் பூட்ஸைக் கழற்றவில்லை. வேறொரு கயிற்றை எடுத்து, ஒரு முனையை ராய்ஸின் இடுப்பிலும் மறு முனையை அடுப்பின் காலிலும் கட்டினாள். நாற்காலியைப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஞாயிறு முழுதும். கண் மூடாமல்.

திங்கட்கிழமை காலை வெளிச்சம் முகத்தில் அடித்தபோதுதான் கண் மூடியிருந்தது தெரிந்தது.

காற்று இல்லை. பலகைக்கு அடியில் சத்தமும் இல்லை. இடுப்புக்கயிறு தரையில் அவிழ்ந்து கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது.

பின்வாசலுக்கு மூன்று படிகள் உண்டு. படிகளைக் காணவில்லை. வாசற்பலகையின் மட்டத்துக்குப் புல் நின்றது. எல்லாப் பக்கமும் புல். வீட்டைச் சுற்றி, முன்னும் பின்னும், ஜூன் மாதம்போல. அதற்கு வெளியே, நாற்பது அடி தள்ளி, ஆளுயரப் பனி.

ராய்ஸ் நாலடி தூரத்தில் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். ஆற்றில் இறங்கியவன்போல. இடுப்பு வரை.

"ராய்ஸ்."

அவன் திரும்பினான். கையை நீட்டினான். அவள் வாசற்பலகையில் குப்புறப் படுத்து அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். சூடான கை. உயிருள்ள கை.

"குளிரவே இல்ல தியா" என்றான்.

இழுத்தாள். காலை நிலைச்சட்டத்தில் கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்தாள். அவன் வரவில்லை. போகவும் அவசரப்படவில்லை. மார்பு. தோள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறவன்போல. தாடை. புல் அவன் முகத்தின்மேல் மெல்ல மூடியது.

கை மட்டும் மிச்சம் இருந்தது. அவள் விடவில்லை.

அப்போது தூரத்தில் இயந்திரச் சத்தம். நெருங்கியது. ஊசியிலை மரங்களுக்கு இடையே இரண்டு பனிவண்டிகள். ஆர்மாண்ட், பின்னால் அவர் மகன். பனி முடிகிற விளிம்பில் வந்து நின்றார்கள்.

"இங்க! கையைப் பிடிச்சிருக்கேன்!" என்று கத்தினாள்.

ஆர்மாண்ட் குதித்து இறங்கினார். ஒரு காலைப் புல்லில் வைத்தார். கணுக்கால் வரை போனது. மகன் அவரைப் பின்னுக்கு இழுத்தான். பூட்ஸ் வரவில்லை, கால் வந்தது. மகன் கயிற்றை வீசினான். கயிறு பாதி வழியில் விழுந்தது. கிடந்தது. பிறகு முழுசாக உள்ளே போயிற்று. மறுபடி வீசக் கயிறு இல்லை.

ராய்ஸின் விரல்கள் அவள் விரல்களை இறுக்கின. இறுக்கம் நல்லதென்று அவள் நினைத்தாள். இருக்கிறான். இன்னும் இருக்கிறான்.

அவன் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் புல் விலகியது.

இன்னொரு கை வெளியே வந்தது. சின்னக் கை. மண் ஒட்டாத, சுத்தமான கை. அது வழி தெரியாதவருக்கு உதவுவதுபோல, மெதுவாக, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பெரியது.

அவள் தலையைத் தூக்கினாள். கத்தத்தான் வாயைத் திறந்தாள். பனியின் விளிம்பில் ஆர்மாண்ட் ஒற்றைக்காலில் பூட்ஸ் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். மகனின் தோளைப் பிடித்திருந்தார். அவர்கள் இருவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்மாண்ட் தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தார்.